எடை மேடை நோட்டும் எக்செல் கட்டமும்

மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். மென்பொருள் வந்த பிறகும் எடை மேடைக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. சம்பா அறுவடையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது கம்ப்யூட்டரில் தட்ட யாருக்கும் நேரமில்லை. மூட்டை, எடை, ஈரப்பதம் எல்லாம் நோட்டில் ஏறும். சாயங்காலம்தான் திரைக்குப் போகும். இது சோம்பல் இல்லை. வேலை நடக்கும் வரிசை வேறு, திரை கேட்கும் வரிசை வேறு. ஆகவே, புது மென்பொருள் போடும் முன் அந்த நோட்டை விற்பவரிடம் காட்டி, அதே வரிசையில் கட்டங்களைக் கேளுங்கள்.

அப்புறம் எக்செல். எங்கள் ஆலையில் விவசாயிகளுக்குப் பணம் போடும் பட்டியல் கடைசியில் அதில்தான் தயாராகிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். எண்ணின் முன்னால் இருக்கும் 0 காணாமலே போய்விடும். ஆறு மாதம் பாடுபட்டவருடைய பணம் இதனால் நிற்கக் கூடாது. எண்ணை அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசை (மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள்) முழுவதையும் தேர்ந்தெடுத்து, வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. பட்டியல் சிஎஸ்வி கோப்பாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வந்தால் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். ‘டேட்டா’ பகுதி வழியாக உள்ளே எடுத்து, அங்கேயும் ‘டெக்ஸ்ட்’ கொடுங்கள்.