"கூட்டவா, கழிக்கவா?" என்று கேட்கிற பிள்ளைக்கு வாழ்க்கைக் கணக்கு சொல்லிக்கொடுப்பது எப்படி?

கடைக்கு அனுப்பினால் ஐம்பது ரூபாயைக் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கி, மிச்சம் பதிமூன்றைச் சரியாக எண்ணிக்கொண்டு வருவான். அதே பையன் நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, கதையாக எழுதியிருக்கிற வாழ்க்கைக் கணக்கைப் பார்த்ததும், "எம்மா, இதைக் கூட்டவா, கழிக்கவா?" என்பான். இவனுக்குக் கணக்கு வராது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். கூட்டலும் கழித்தலும் அவனிடம் இருக்கிறது. வாக்கியத்தைப் படித்ததும் அதில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற 5 பிள்ளைகளை டெரெசின்யா கராஹர் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் சோதித்து 1985-இல் வெளியிட்டார்கள். வியாபாரத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்கைக் கதையாகக் கொடுத்தபோது 74 சதவீதமும், வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதமும்தான் சரியாகச் செய்தார்கள். காட்சி கைவிட்டுப் போகப் போக, கணக்கும் கைவிட்டுப் போகிறது.

தொடங்குமுன் இரண்டு சோதனை. முதலில் 8+3, 42−17, 12×5 என்று வெறும் எண்ணாகக் கொடுங்கள். இதிலேயே தடுமாறினால் வாய்ப்பாட்டுக்கும் கடன்வாங்கிக் கழிப்பதற்கும் திரும்பிப் போங்கள். கீழே சொல்வது பிறகு ஆகட்டும். அடுத்து இதைக் கேளுங்கள்: "பாபநாசம் போகிற பஸ்ஸில் 32 பேர் இருக்கிறார்கள். கூட 14 கூடை இருக்கிறது. டிரைவருக்கு என்ன வயது?" நாற்பத்தாறு என்று பதில் வந்தால் சிரித்துவிடாதீர்கள். பிரான்ஸில் 1980 வாக்கில், கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருந்தால் கேப்டன் வயது என்ன என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோது பெரும்பாலோர் எண்களைச் சேர்த்து ஒரு விடையைச் சொல்லிவிட்டார்கள். கணக்கு என்றால் விடை இருந்தே தீரும், கொடுத்த எண்ணையெல்லாம் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று வகுப்பறை பழக்கியிருக்கிறது. அதைத்தான் நாம் அவிழ்க்க வேண்டும்.

எண்ணை மறையுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஹெகார்ட்டி, மேயர், மங்க் மூவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் படிக்கிறவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். தப்பாகச் செய்தவர்கள் எண்களையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்களின் கண் யார், எது என்கிற பெயர்களுக்குத் திரும்பியது. ஆகவே எண் இல்லாமலே கணக்கை எழுதிக் கொடுங்கள்:

"கனியிடம் கொஞ்சம் நுங்கு இருக்கிறது. இது செல்வத்திடம் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. செல்வத்திடம் எத்தனை?"

கூட்டவும் கழிக்கவும் இதில் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு நுங்கைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இப்போது ஒரே ஒரு கேள்வி: "யாருகிட்டலே கூட இருக்கு?" செல்வத்திடம் என்று வந்த பிறகுதான், கனியிடம் 8, அது 3 குறைவு என்று எண்களை உள்ளே விட வேண்டும். நேரடியாக எண்ணோடு கொடுத்தால் "குறைவு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 8−3=5 என்று எழுதிவிடுவான். விடை 11.

வாக்கியத்தை உடையுங்கள்

பாடப்புத்தகத் தமிழுக்கு ஒரு பழக்கம் உண்டு. எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கி, வினையைக் கடைசியில் வைக்கும். இதைப் பாருங்கள்: "தாருக்கு 12 சீப்பு வீதம் வாங்கிய 5 வாழைத்தார்களில் அழுகிய 7 சீப்புகள் போக மீதியைச் சீப்பு 40 ரூபாய் வீதம் விற்ற வியாபாரிக்குக் கிடைத்த தொகை எவ்வளவு?" யார் வாங்கினார், யார் விற்றார் என்பது வாக்கியம் முக்கால்வாசி முடிந்த பிறகுதான் தெரிகிறது. அதுவரை நாலு எண்ணையும் ஆளில்லாமல் தூக்கிச் சுமக்க வேண்டும். ஒரே சமயத்தில் மனதில் நிறுத்தக்கூடியவை பெரியவர்களுக்கே சுமார் 4 என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-இல் எழுதினார். பிள்ளைக்கு இன்னும் குறைவு.

ஆளை முன்னால் கொண்டுவந்து, ஒரு வரிக்கு ஒரு வினை என்று பிள்ளையே பிரித்து எழுதட்டும். ஒரு வியாபாரி 5 தார் வாங்கினார். ஒரு தாரில் 12 சீப்பு. 7 சீப்பு அழுகிவிட்டது. மிச்சத்தை விற்றார். ஒரு சீப்பு 40 ரூபாய். கைக்கு எவ்வளவு வந்தது? இப்படி எழுதிவிட்டால் 60, அதில் 7 போனால் 53, அதற்கு 2,120 ரூபாய் என்று ஒவ்வொன்றாக இறங்கிவிடும். "வீதம்", "தலா", "போக" ஆகிய மூன்று சொற்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "7 சீப்புகள் போக" என்பதில் யாரோ எங்கேயோ போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். "கனிகிட்ட எட்டு இருக்கு. அவகிட்டதான் மூணு கம்மி. அப்போ செல்வம்கிட்ட கூட இருக்குல்லா?" என்று வந்துவிட்டால் கணக்கு முடிந்த மாதிரி. "கம்மி" என்று சொல்லாதே, "குறைவு" என்று சொல் என்று அந்த நேரத்தில் திருத்துவது பெரிய தப்பு. நெல்லைப் பேச்சில் யோசிக்கிற பிள்ளையைப் பாதியில் நிறுத்திப் பாடத்தமிழுக்கு மாற்றினால் யோசனை அறுந்துவிடும். நல்ல தமிழில் விடை எழுதக் கடைசியில் நேரம் இருக்கிறது.

இன்னும் தெளியவில்லை என்றால் படம். இரண்டு பட்டை, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. முதலில் பெயர், பிறகு எண், கேட்கிற இடத்தில் கேள்விக்குறி. ஓலை, பனைமரம், முகம் எல்லாம் வரைய உட்கார்ந்தால் கணக்கு ஓவிய வகுப்பாகிவிடும். பட்டை போதும். கூட்டுமுன் "விடை எட்டைவிடக் கூடவா, கம்மியா?" என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகத்துக்கு மாறாக விடை வந்தால் பிள்ளையே நின்று பார்க்கும்.

எங்கே கெட்டுப்போகிறது

"மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்ற பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதுதான் அதிகக் கெடுதல். ஒரு பரீட்சைக்கு உதவும், மறுவருஷம் காலை வாரும். "ஒரு நாளில் 600 பீடி சுற்றினார். 25 பீடி ஒரு கட்டு. 4 கட்டு கழிவானால் மொத்தம் எத்தனை கட்டு கூலிக்குச் சேரும்?" இதில் "மொத்தம்" இருக்கிறது, கூட்டல் இல்லை. வகுத்தால் 24, கழித்தால் 20. அம்மாவின் பீடித்தட்டைப் பார்த்து வளர்ந்த மேலப்பாளையத்துப் பிள்ளைக்கு இதைப் படமாகப் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. சொல்லைப் பிடித்துச் செய்யச் சொன்னால் 600+25+4 என்று போய் நிற்கும்.

ஒரே மாதிரிக் கணக்கு பத்து கொடுப்பது அடுத்த தவறு. லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் காட்டியது இது: 21, 127, 3 அளவுள்ள ஜாடிகளால் 100 அளந்தெடுக்கச் சொன்னார். 127-இலிருந்து 21-ஐ ஒரு முறையும் 3-ஐ இரண்டு முறையும் எடுக்க வேண்டும். இதே வழியில் சிலவற்றைச் செய்தவர்களிடம் 23, 49, 3 கொடுத்து 20 கேட்டார். 23−3 என்று முடிய வேண்டியதை, பழகிய சுற்றுவழியிலேயே பலரும் போனார்கள். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு போதும். மூன்றும் வேறு வேறு வகையாக இருக்கட்டும். கலந்து கொடுத்தால் அன்றைக்குத் தப்பு அதிகம் வரும், அதற்காகக் கைவிடாதீர்கள். ரோரரும் டெய்லரும் 2007-இல் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தபோது, பயிற்சியில் பின்தங்கிய கலவைக் குழு ஒரு வாரம் கழித்து 63 சதவீதம் எடுத்தது. ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போன குழு 20 சதவீதம்தான்.

பிள்ளை யோசிக்கும்போது "ஏன்ல கழிச்ச?" என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் "ஏன்" என்பது பாதி நேரம் அதட்டல். உடனே அழித்துவிட்டுக் கூட்டத் தொடங்கிவிடும், சரியாகச் செய்திருந்தாலும்கூட. "இப்போ மனசுல என்ன ஓடுது? அப்படியே சொல்லு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். அந்தப் பத்து எண்ணுவதுதான் நமக்குக் கஷ்டமான பாடம்.

இரண்டு மூன்று வாரம் போனதும் கணக்கைப் பிள்ளையையே உண்டாக்கச் சொல்லுங்கள். 8+3=11 என்று விடை வர வேண்டும், ஆனால் கதையில் "குறைவு" என்ற சொல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "சந்தைக்கு ஆச்சி 11 கருப்பட்டி கொண்டுபோனாள், 3 குறைவாக விற்றது" என்று வந்தால் அது கழித்தல் கதைதான். பட்டைப் படத்துக்கு மறுபடி கூட்டிப் போங்கள். "ஆச்சிகிட்ட எட்டு கருப்பட்டி. அது தாத்தாகிட்ட உள்ளதைவிட மூணு குறைவு" என்று வந்துவிட்டால் எண்ணை மறைக்கிற வேலையை நிறுத்திவிடலாம். அடுத்து இரண்டு, மூன்று படிக் கணக்குகளுக்குப் போங்கள். வாழைத்தார்க் கணக்கை அந்த வரிசையில் முதலில் வையுங்கள்.