கிம்பல் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் நடையைப் பாருங்கள்

நடந்துகொண்டே எடுத்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்போதுதான் கை எவ்வளவு ஆடியிருக்கிறது என்று தெரியும். எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே இருந்திருக்கும். சரி, கேமராவை ஆடாமல் பிடிக்கும் ஒரு ஸ்டெபிலைசர், அதாவது மோட்டார் வைத்த கிம்பல், வாங்கிவிடலாம் என்று தேட ஆரம்பித்தால், எந்த மாடலை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்தான். நானும் அந்த எண்ணை மட்டும் பார்த்துத்தான் முதல் கிம்பலை வாங்கினேன். எடையை நன்றாகவே தாங்கியது. ஆனால் ஒரு நீளமான வராந்தாவில் ஒருவருக்குப் பின்னால் நடந்து எடுத்த ஷாட்டில், ஒவ்வொரு அடிக்கும் படம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கிம்பல் பழுதோ என்று அதன் செட்டிங்கை எல்லாம் இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை, கேமரா ஆடுவதில் இரண்டு வகை உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் வகை, கேமரா திரும்புவது: இடம் வலமாகத் திரும்பினால் பேன், மேலும் கீழுமாக நிமிர்ந்து குனிந்தால் டில்ட், ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ரோல். மூன்று மோட்டார் உள்ள கிம்பல் இந்த மூன்றையும்தான் சரிசெய்கிறது. உள்ளே இருக்கும் சென்சார் உங்கள் கை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று பார்த்து, மோட்டாரை எதிர்ப்பக்கமாக அதே அளவு திருப்புகிறது. இரண்டாவது வகை, கேமரா இருக்கும் இடமே மாறுவது. நாம் நடக்கும்போது உடம்பு மேலே போய்க் கீழே வருகிறது, கையும் கூடவே போகிறது, கையில் இருக்கும் கிம்பலும் போகிறது. கேமரா நேராகவே இருக்கும், ஆனால் நேராக இருந்தபடியே குதிக்கும். இதைத் தடுக்க அந்த மூன்று மோட்டாராலும் முடியாது.

சினிமாவில் இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. காரெட் பிரவுன் 1970களில் உருவாக்கிய ஸ்டெடிகேமில் உடம்பில் மாட்டும் சட்டை ஒன்று, அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை ஒன்று, அதன் முனையில் கேமரா என்று இருக்கும். நடையின் ஏற்ற இறக்கத்தை அந்த ஸ்பிரிங் கை வாங்கிக்கொள்ளும். கையில் பிடிக்கும் கிம்பலில் அந்த ஸ்பிரிங் வேலையைச் செய்ய வேண்டியது உங்கள் முழங்காலும் முழங்கையும்தான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை மெதுவாக உருட்டி விரல் வரை கொண்டுவந்து நடக்க வேண்டும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டு, தளும்பாமல் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் பாருங்கள். அப்போது உங்கள் கால் தானாக எப்படி நடக்கிறதோ, அந்த நடைதான் வேண்டும். அந்த நடையைப் பத்து நிமிடம் விடாமல் நடக்க முடியுமா, அதுவும் கையில் எடையோடு? எந்த கிம்பல் வாங்குவது என்ற முடிவை இந்தக் கேள்வியிலிருந்துதான் நான் தொடங்குவேன்.

அதனால் எடைக் கணக்கை இரண்டு பக்கமும் போட வேண்டும். ஓர் உதாரணம்: சோனி ஏ7 மார்க் 4 கேமரா பேட்டரி, கார்டோடு 658 கிராம். அதில் 24-70 எஃப் 2.8 ஜிஎம் லென்ஸின் இரண்டாவது பதிப்பை மாட்டினால் இன்னொரு 695 கிராம். மொத்தம் 1,353 கிராம், அதன்மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர், சின்ன மைக் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவை நெருங்கிவிடும். டிஜேஐ ஆர்எஸ் 3 மினி என்ற கிம்பல் 2 கிலோ வரை தாங்கும், கேமராவைப் பொருத்தும் பிளேட்டோடு அதன் சொந்த எடையே 850 கிராம் போல இருக்கும். ஆக, கையில் நிற்பது இரண்டேகால் கிலோவுக்கு மேல். கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் நெஞ்சுக்கு முன்னால் கையை நீட்டிப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றால் மணிக்கட்டு சொல்லும். இன்னும் பெரிய கிம்பலுக்குப் போனால் தாங்கும் எடை கூடும், அதன் சொந்த எடையும் கூடும், பையும் பெரிதாகும். கனமாக இருக்கிறது என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் கிம்பலால் யாருக்கும் பயன் இல்லை.

அதே சமயம், தாங்கும் எடையின் விளிம்பில் போய் நிற்கவும் வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸை மாட்டி, எல்லாவற்றையும் சேர்த்து சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், அந்த எடைக்கு மேல் கால்வாசியாவது இடம் இருக்கட்டும். காற்று அடிக்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் மோட்டாருக்கு அந்த மிச்சம் தேவைப்படும்.

எடை சரியாக இருந்தாலும் கேமரா அதில் உட்காருமா என்பது தனிக் கேள்வி, இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. நீளமான லென்ஸ் போட்டால் கேமராவைப் பின்னால் தள்ள வேண்டும், அங்கே பின்னால் இருக்கும் கிம்பல் கை இடித்தால் பேலன்ஸ், அதாவது கேமரா எந்தப் பக்கமும் சாயாமல் தானாக நிற்கும் நிலை, வரவே வராது. பக்கவாட்டில் திறக்கும் திரையைத் திறந்து பாருங்கள், மோட்டார் அதை மறைக்கிறதா, இடிக்கிறதா? மைக் வயரைச் செருகினால் எங்கே போய் முட்டுகிறது? இதெல்லாம் பெட்டியில் எழுதியிருக்காது. முடிந்தால் உங்கள் கேமராவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

பேலன்ஸ் செய்வதை வாங்குவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள், எது நல்ல கிம்பல் என்று அதில்தான் தெரியும். கிம்பல் அணைந்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது எப்படி இருக்குமோ கேமரா அப்படியே இருக்க வேண்டும்: மூடி கழற்றி, பேட்டரியும் கார்டும் போட்டு, ஃபில்டர் மாட்டி, திரை திறந்து. முதலில் டில்ட். லென்ஸ் முன்னால் பார்க்கும்படி வைத்துக் கையை எடுங்கள், முன்னால் கவிழ்ந்தால் கேமராவைப் பின்னால் தள்ளுங்கள், பின்னால் சாய்ந்தால் முன்னால் தள்ளுங்கள். அப்புறம் லென்ஸை வானத்தைப் பார்க்கும்படி திருப்பி, அப்படியே நிற்கும் வரை உயரத்தை மாற்றுங்கள். கடைசியில் 45 டிகிரியில் சாய்த்து விட்டுவிடுங்கள். விட்ட இடத்தில் அசையாமல் நின்றால் டில்ட் முடிந்தது. இதேபோல ரோல், அதன்பின் பேன். ஒவ்வொன்றுக்கும் தனி லாக் இருக்கிற கிம்பலை எடுங்கள், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றவை ஆடாமல் நிற்கும், வேலை பாதியாகக் குறையும். கேமராவை நகர்த்தும் பிளேட் எப்படி நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். திருகைத் தளர்த்தியதும் வழுக்கிக்கொண்டு ஓடுகிற பிளேட்டில் ஒரு மில்லிமீட்டர் தள்ளுவது பெரிய பாடு. மெதுவாகத் திருகித் திருகி நகர்த்துகிற அமைப்பு இருந்தால் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றே சொல்வேன்.

பேலன்ஸ் தவறினாலும் மோட்டார் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிடித்துக்கொள்ளும், ஆனால் மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், படத்தில் மெல்லிய நடுக்கம் ஒன்று வரும். ஜூம் செய்தால் நீளும் லென்ஸ் என்றால் இன்னொரு சிக்கல், 24 மில்லிமீட்டரில் செய்த பேலன்ஸ் 70-இல் மாறிவிடும். நான் ஜூம் லென்ஸைக் கிம்பலில் போட்டால் ஒரே இடத்தில் வைத்துத்தான் எடுப்பேன், பெரும்பாலும் 35 மில்லிமீட்டருக்குள். விரிந்த லென்ஸில் நடையின் குதிப்பும் குறைவாகவே தெரியும்.

ஃபோனில் எடுப்பவர்களுக்குக் கிம்பல் கட்டாயமா என்றால், பகலில் நல்ல வெளிச்சத்தில் பெரும்பாலும் தேவையில்லை. இப்போதைய ஃபோன்கள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, மிச்சத்தை வைத்து ஆட்டத்தை நன்றாகவே சரிசெய்கின்றன. வெளிச்சம் குறையும்போதுதான் அது தடுமாறும். ஒவ்வொரு ஃபிரேமும் கூடுதல் நேரம் ஒளியை வாங்குவதால், கை ஆடிய ஆட்டம் அந்த ஃபிரேமுக்குள்ளேயே மங்கலாகப் பதிந்துவிடும். பிறகு ஃபிரேமை எப்படி நகர்த்தினாலும் அந்த மங்கல் போகாது, படம் நிலையாக நிற்கும், தெளிவு மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். கிம்பல் கேமராவையே ஆடாமல் பிடிப்பதால் இந்தப் பிரச்சினை அங்கே மிகவும் குறைவு. ஆக, மாலையிலும் இரவிலும் எடுப்பவர், ஜூம் செய்து எடுப்பவர், தனியாக நின்று தன்னையே எடுப்பவர் ஃபோன் கிம்பல் வாங்கலாம். கேமராவும் கிம்பலும் ஒன்றாகவே வேண்டும் என்றால் 2023-இல் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 போன்றவை உண்டு: ஒரு அங்குல சென்சார், 179 கிராம், பேலன்ஸ் செய்யும் வேலையே இல்லை. லென்ஸ் மாற்ற முடியாது, அதை ஏற்றுக்கொண்டால் போதும்.

மோட்டாரே இல்லாத, கீழே எடை தொங்கும் கிளைட்கேம் வகையும் இருக்கிறது. சார்ஜ் வேண்டாம், சத்தம் இல்லை, ஓடினாலும் மிதப்பது போன்ற ஓர் அழகு அதில் வரும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் வாரக்கணக்கில் பழக வேண்டும், காற்றடித்தால் சுழலும். அவசர வேலைக்கு அது சரிவராது.

விலையைக் கூட்டும் மற்ற வசதிகளில் எனக்கு உண்மையில் பயன்பட்டவை இரண்டுதான். கைப்பிடியிலிருந்தே ரெக்கார்டை ஆரம்பித்து நிறுத்துவது ஒன்று, ஆனால் அது உங்கள் கேமரா மாடலோடு வேலை செய்யுமா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாலோ வேகத்தை மாற்றுவது இன்னொன்று: வேகத்தைக் குறைத்தால் நீங்கள் திரும்பிய பிறகு கேமரா நிதானமாகத் திரும்பும், சினிமா ஷாட் மாதிரி இருக்கும். பேட்டரி கைப்பிடிக்குள்ளேயே மூடியிருக்கிறதா, கழற்றி மாற்றலாமா என்பதையும் கேளுங்கள். நாள் முழுக்க வேலை என்றால் மாற்றக்கூடியதுதான் நல்லது.

பழையதாக வாங்கினால், கேமராவை மாட்டிப் பேலன்ஸ் செய்து, கிம்பலை ஆன் செய்து, சமமான மேசையில் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு அடிவானக் கோட்டைப் பாருங்கள். மெல்ல ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனால் கேலிபிரேஷன், அதாவது சென்சாரைச் சரிப்படுத்தும் வேலையை, செய்து மறுபடி வையுங்கள். அதன்பிறகும் சாய்ந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அணைத்துவிட்டு ஒவ்வொரு மோட்டாரையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எங்கேயாவது உரசினாலோ கரகரத்தாலோ அந்தக் கிம்பல் ஏற்கெனவே கீழே விழுந்ததாக இருக்கலாம்.