களத்தில் கண்டதை 300 சொற்களில்: சமூகப் பணி மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்னால், 2004 சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களில் களப்பணியாளராக இருந்தேன். எங்கள் மாணவர்கள் எடுக்கும் ஆய்வுகளைப் பார்த்தால் பெருமையாக இருக்கும். கோயில் நிலக் குத்தகை, நடவுக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்கள், பெண்களின் குழுக் கடன், நூறு நாள் வேலை, கஜா புயலில் தென்னந்தோப்பு போன குடும்பங்கள் என்று வெயிலில் அலைந்து தகவல் சேர்க்கிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அவ்வளவும் பைண்டு போட்ட புத்தகமாகத் துறை அலமாரிக்குள் போய்விடுகிறது. அது வெளியே வர வேண்டும், மாநாட்டில் நாலு பேர் கேட்க வேண்டும். அதற்கு முதலில் தேவை ஒரு நல்ல ஆய்வுச் சுருக்கம், அதாவது மொத்த ஆய்வையும் சில நூறு சொற்களில் சொல்லும் குறிப்பு.

எழுத உட்காரும் முன், உங்கள் ஆய்வில் தெரியவந்ததை ஒரே வாக்கியத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். "நடவுப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை பற்றி ஆய்வு செய்தேன்" என்றால் அது தலைப்பு, அதில் கண்டது எதுவும் இல்லை. "நடவு இல்லாத மாதங்களில் குழுக் கடன் தவணையைக் கட்டுவதற்காகவே பெண்கள் இன்னொரு கடன் வாங்குகிறார்கள், அந்த இரண்டாவது கடன் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை" என்று சொன்னால் அந்த அக்கா உங்களை நிமிர்ந்து பார்ப்பார். சுருக்கத்தை மதிப்பிடுகிறவரும் அப்படித்தான். இந்த வாக்கியம் கிடைக்கும்வரை மற்றது எதையும் எழுத வேண்டாம். கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் மாநாட்டின் அழைப்பை முழுசாகப் படியுங்கள். மையக் கருத்து, துணைத் தலைப்புகள், சொல் வரம்பு, மொழி, கடைசித் தேதி, கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் எல்லா அழைப்பும் நம்பத்தக்கது இல்லை. யார் நடத்துகிறார்கள், மதிப்பீட்டுக் குழுவில் யார் இருக்கிறார்கள், போன மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் எங்காவது கிடைக்கிறதா என்று பாருங்கள். காலையில் அனுப்பி மாலையில் "ஏற்கப்பட்டது, பணம் கட்டவும்" என்று பதில் வந்தால், பெரும்பாலும் அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். மாணவர்களின் பணம் அப்படிப் போவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

சமூகப் பணி மாநாடுகள் பெரும்பாலும் நான்கு பகுதிகளை எதிர்பார்க்கும்: பின்னணியும் நோக்கமும், ஆய்வு முறை, முடிவுகள், சமூகப் பணிக்கு அதனால் என்ன பயன். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் சமூகப் பணி ஆராய்ச்சிச் சங்கத்தின் மாநாடும் ஏறக்குறைய இதே பகுப்பைத்தான் கேட்கிறது. 300 சொல் வரம்பு என்றால் பின்னணிக்கு 60, முறைக்கு 80, முடிவுகளுக்கு 110, பயனுக்கு 50 என்று நான் பிரிக்கச் சொல்வேன். நம் பிள்ளைகள் பின்னணிக்கே 200 சொல்லைச் செலவழித்துவிடுகிறார்கள். சோழர் காலமும் நெற்களஞ்சியமும் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தோடு நிற்கட்டும்.

ஆனால் பின்னணியில் உங்கள் ஊரை விளக்கும் ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். டில்லியிலோ வெளிநாட்டிலோ இருந்து படிக்கிறவருக்குக் கடைமடை என்றால் தெரியாது. "கால்வாயின் கடைசிப் பகுதி, தண்ணீர் தாமதமாகவும் குறைவாகவும் வந்து சேரும் ஊர்கள்" என்று எழுதினால், வேலை நாள் ஏன் குறைகிறது என்பது அவருக்குத் தானாகப் புரியும். குத்தகை, குறுவை, தாளடி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஆய்வு முறையில் எத்தனை பேர், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், என்ன கருவி, எப்படிப் பகுத்தாய்ந்தீர்கள் என்பது இருக்க வேண்டும். "நேர்காணல் முறை பின்பற்றப்பட்டது" என்பது போதாது. காவிரி டெல்டாவில் செய்த ஆய்வு என்றால் எந்த மாதம் தகவல் சேர்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்று விடாமல் சொல்லுவேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து நடவு ஓடும் நாளில் ஒரு பெண்ணிடம் வருமானம் கேட்டால் ஒரு பதில், வயல் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில் கேட்டால் வேறு பதில். இரண்டும் உண்மைதான். பருவத்தைச் சொல்லாத புள்ளிவிவரத்தை இந்த ஊரை அறிந்த யாரும் நம்ப மாட்டார்கள், அறியாதவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். "28 பெண்கள், சம்பா அறுவடைக்குப் பிந்தைய மாதங்கள், ஆழ்நிலை நேர்காணல், கருப்பொருள் பகுப்பாய்வு" என்ற விவரங்கள் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். (ஆழ்நிலை நேர்காணல் என்பது ஒருவரிடம் விரிவாகப் பேசிக் கேட்பது, கருப்பொருள் பகுப்பாய்வு என்பது பேச்சில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைப் பிரித்தெடுப்பது.)

முடிவுகள் பகுதியில் "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று எழுதி அனுப்பாதீர்கள். சுருக்கம் திரும்பி வருவதற்கு இந்த ஒரு வரி போதும். ஆய்வு முடியவில்லை என்றால், நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளை ஏற்கிறார்களா என்று அழைப்பில் பாருங்கள். ஏற்றால், இதுவரை கண்டது இவ்வளவு என்று நேராகச் சொல்லுங்கள். எண் இருந்தால் எண்ணைக் கொடுங்கள். பேட்டி என்றால் இரண்டு மூன்று கருப்பொருள்களும், ஒரு பெண் சொன்ன ஒரே ஒரு வரியும் போதும்.

பயன் பகுதியில் "அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. யார், எங்கே, என்ன மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். குழுக் கூட்டத்துக்குப் போகும் களப்பணியாளர் தவணைத் தேதியை நடவுப் பருவத்தோடு பொருத்திப் பேச முடியுமா? கடன் கேட்கும் படிவத்தில் ஏற்கனவே உள்ள கடனைக் கூச்சமில்லாமல் சொல்ல வழி செய்ய முடியுமா? இந்த மாதிரி எழுதினால்தான் அது சமூகப் பணி ஆய்வு.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நமக்குத் தகவல் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். ஊராட்சியின் பெயர், சாதி, வயது, "முன்னாள் வார்டு உறுப்பினர்" என்று சேர்த்து எழுதினால் அந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் பொருந்துவார். "திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்று" என்றே எழுதுங்கள். இரண்டாவது கடனைப் பற்றி உங்களிடம் சொன்ன பெரியம்மா அதைத் தன் பிள்ளையிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். மாநாட்டுத் தொகுப்பு பிடிஎஃப் ஆக வலையில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் ஒரே வீட்டுக்கு ஒருவர் பின் ஒருவராகப் படிவத்தோடு போய், இறந்துபோன பிள்ளையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். "இதை எழுதி என்னம்மா செய்யப்போறீங்க?" என்று கேட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் பங்கேற்றவர்களின் சம்மதத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தகவல் சேர்க்கும்போதே மாநாட்டில் பேசுவதற்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

மொழியில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தாலும் முதலில் தமிழில் எழுதுங்கள். யோசனை தெளிவாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். தமிழ்ச் சுருக்கம் கேட்கும் கருத்தரங்குக்கு யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததைப் படிவத்தில் ஒட்டினால் புரியாத எழுத்துக்குவியலாகத்தான் போய்ச் சேரும்.

யார் பெயர் முதலில் என்பதை அனுப்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். களத்துக்குப் போய் எழுதிய மாணவியின் பெயர் முதலில், கைடு பெயர் அடுத்தது. இதைக் கேட்க மாணவர்கள் தயங்குவார்கள். அதனால் ஆசிரியர்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

பல மாநாடுகளில் மதிப்பிடுகிறவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது. அப்படியானால் பெயரும் கல்லூரியும் அதற்குரிய கட்டத்தில் மட்டும் இருக்கட்டும், சுருக்கத்துக்குள் "எங்கள் துறை" என்றுகூட வர வேண்டாம். வாய்மொழியா (அரங்கில் பேசுவது), சுவரொட்டியா (ஆய்வைப் பெரிய தாளில் ஒட்டிவைத்து விளக்குவது) என்று கேட்பார்கள். முதல் தடவை போகிறவர்களுக்குச் சுவரொட்டி நல்லது. பக்கத்தில் நின்று நிதானமாகப் பேசலாம்.

கடைசித் தேதியை நம் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 11:59 என்றால் இங்கே மறுநாள் காலை, அவர்களுடைய கோடையில் 9:29, குளிர்காலத்தில் 10:29. "உலகில் எங்கிருந்தாலும்" (Anywhere on Earth, அதாவது உலகில் கடைசியாக நாள் முடியும் இடத்தின் நேரம்) என்ற கணக்கில் இரவு 11:59 போட்டிருந்தால் நமக்கு மறுநாள் மாலை 5:29 வரை நேரம் உண்டு. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போகும் ஊரில் இருந்துகொண்டு கடைசி மணி வரை காத்திருக்காதீர்கள். அனுப்பியதும் வரும் பதிவு எண்ணையும் மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்றுக்கொண்டால், பதில் சொல்ல ஒரு தேதி கொடுப்பார்கள். மாணவர் கட்டணம், முன்பதிவுச் சலுகை, பயண உதவி இருக்கிறதா என்று உடனே எழுதிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. மறுத்துவிட்டால், குறிப்புகள் வந்திருந்தால் அவற்றைப் பார்த்துத் திருத்தி, பொருந்தும் இன்னொரு மாநாட்டுக்கு அனுப்புங்கள். ஏற்ற பிறகு போக முடியாமல் போனால் சும்மா இருந்துவிடாமல் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அந்த இடம் காத்திருக்கும் இன்னொரு மாணவருக்குக் கிடைக்கும்.