மழைக்கு முன் ஜெனரேட்டரின் கார்புரேட்டரைத் திறந்து பாருங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தி ஊர் ஊராக மின்சாரம் கொடுத்து முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. அந்தச் சமயத்தில் என் மாமா சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினார். ஆண்டில் பதினொரு மாதம் அது சாக்கைப் போர்த்திக்கொண்டு பத்தாயத்தின் பின்னால் கிடக்கும். ஒருமுறை ஐப்பசி அடைமழையில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது: “மாப்பிள்ளை, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டையே கழன்றுவிட்டது. உறுமக்கூட மாட்டேன் என்கிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடட்டுமா?”

வாங்க வேண்டியிருக்கவில்லை. போன ஆண்டு ஊற்றிய பெட்ரோல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள் பிசினாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். ஜெனரேட்டர், நீர் இறைக்கும் பெட்ரோல் பம்பு, களையெடுக்கும் எந்திரம் என்று நான்கு ஸ்ட்ரோக் சிறு எஞ்சின் எதுவானாலும் கார்புரேட்டரின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு ஞாயிறு காலை போதும். ஆனால் அந்த ஞாயிறு புரட்டாசியில் வர வேண்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய அன்று இரவு டார்ச் வெளிச்சத்தில் செய்தால் திருகு தொலையும்.

பெட்ரோல் ஏன் பிசினாகிறது?

பெட்ரோல் காற்றுப் பட்டால் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். லேசான பகுதி ஆவியாகிவிடும். கனத்த பகுதி முதலில் எண்ணெய்போல் ஆகி, பிறகு முருங்கைப் பிசின் போல் பழுப்பாக இறுகும். மணமும் மாறிவிடும், பெட்ரோல் வாடை போய் பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். இதோடு, இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, கனம் காரணமாக அடியில் தங்கும். கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பும், கார்புரேட்டர் உடம்பில் வெள்ளைப் பொடியும் பூப்பது அதனால்தான்.

இத்தனைக்கும் அடைபடுகிற துளை எவ்வளவு என்கிறீர்கள்? மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இராது. எஞ்சின் சும்மா ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் துளை அதில் ஏறக்குறைய பாதி. ஒரு தூசி போதும்.

ஸ்பேனரைத் தொடுமுன்

கார்புரேட்டரின் மேல் பழி போடுவது சுலபம். முதலில் மற்றவற்றைப் பார்த்துவிடுங்கள்.

எண்ணெய் அளவு எவ்வளவு? பல ஜெனரேட்டர்களில் எஞ்சின் எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானாகவே நிறுத்தும் சென்சார் உண்டு. எண்ணெய் ஊற்றினால் தீரும் நோய்க்குக் கார்புரேட்டரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன். அளவுக்கோலை எடுத்தவுடன் முகர்ந்தும் பாருங்கள். எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் வழியை அடைக்கும் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் எஞ்சினுக்குள் வழிந்திருக்கிறது. அந்த எண்ணெயோடு எஞ்சினை ஓட்டக்கூடாது. முழுவதையும் மாற்ற வேண்டும்.

அடுத்து டாங்கி மூடி. அதில் காற்று நுழையச் சிறு துளை இருக்கும். எங்கள் ஊரில் குளவி அதை மண் வைத்து அடைத்துவிடும். மூடியைத் தளர்த்தினால் எஞ்சின் ஓடுகிறது, இறுக்கினால் சற்று நேரத்தில் அணைகிறது என்றால் வேலை மூடியில்தான்.

பிறகு, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். கீழே ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்துக்கொண்டு டாங்கியின் திருகுக் குழாயைத் திறந்தால் பெட்ரோல் தடையின்றி வடிய வேண்டும். வராவிட்டால் டாங்கியின் வலை, குழாய், அல்லது ஒட்டிப்போன ஊசி. வந்தாலும் குவளையைச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனிப் படலமாகத் தேங்கியிருந்தால் டாங்கியைக் காலி செய்தாக வேண்டும்.

இவை எல்லாம் சரி. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது. அல்லது வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது. இந்த இரண்டுமே ஜெட் அடைப்பின் அடையாளம். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. அந்தக் கூடுதல் இழுப்பு இருந்தால்தான் ஓடும் என்றால், பெட்ரோல் வரும் வழி குறுகிவிட்டது என்று பொருள். இப்போது ஸ்பேனரை எடுக்கலாம்.

கழற்றுவது

10 நம்பர் ஸ்பேனர், தட்டைத் திருப்புளி, நட்சத்திரத் திருப்புளி, மூக்குக் குறடு, பழைய பல் துலக்கி, ஒரு டப்பா கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, கண்ணாடி. கடைசியாகச் சொன்னது கண்ணுக்கு. ஸ்பிரேயை ஒரு துளையில் அடித்தால் அது எதிர்பாராத இன்னொரு துளை வழியாக முகத்தில் பீய்ச்சும்.

வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பூஜையறை விளக்கு எட்டடி தள்ளித்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் தொப்பியைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள்.

டாங்கிக் குழாயை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுங்கள். அதன் பின்னால் கார்புரேட்டர் இரண்டு நீண்ட திருகாணிகளில் கோர்த்தபடி நிற்கும். இங்கே கைப்பேசியில் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரிலிருந்து வரும் கம்பி எந்தத் துளையில் கொக்கியிட்டிருக்கிறது, அதோடு மயிரிழை போல் ஓடும் ஸ்பிரிங் எங்கே மாட்டியிருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். நினைவில் நிற்கும் என்று நம்பினால் மாலைக்குள் வருந்துவீர்கள். பெட்ரோல் குழாயின் கவ்வியைக் குறடால் அழுத்தி நகர்த்தி, கார்புரேட்டரைத் திருகாணிகளிலிருந்து மெல்ல உருவி, கொஞ்சம் சாய்த்து, கம்பியையும் ஸ்பிரிங்கையும் வளைக்காமல் விடுவியுங்கள். சில மாடல்களில் கிண்ணத்துக்கு அடியில் மின்வயர் ஒன்று இருக்கும்; அதன் இணைப்பை முதலில் பிரிக்கவும்.

இணைப்புகளில் காற்றுப் புகாமல் அடைக்கும் மெல்லிய கேஸ்கட்டுகள் கழன்று வரும் வரிசையையும், எந்தப் பக்கம் எஞ்சினைப் பார்த்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கறுப்பாக ஒரு தடுப்புக்கட்டை இருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கேஸ்கட்.

உள்ளே

அடியிலிருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் வந்துவிடும். மாமாவின் ஜெனரேட்டரில் கிண்ணத்தின் அடி, சர்க்கரைப் பாகு காய்ந்த சட்டியைப்போல இருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது.

பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கி ஊசியை மூடித் திறப்பது மிதவை. அதைத் தாங்கும் சிறு அச்சைத் தள்ளி உருவுங்கள். மிதவையோடு அதில் தொங்கும் ஊசியும் வரும். ஊசியின் ரப்பர் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அது இனிப் பெட்ரோலை மூடாது, புதிது போடவும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை.

நடுவில் நிற்கும் தூணுக்குள் மெயின் ஜெட். அதன் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் அகலத்துக்குத் திருப்புளி வேண்டும். பித்தளை மெத்தென்றது, வழுக்கினால் பள்ளம் மழுங்கிவிடும். அதைக் கழற்றிய பின் கார்புரேட்டரைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினால், பக்கவாட்டில் புல்லாங்குழல் போல் துளைகள் கொண்ட பித்தளைக் குழல் ஒன்று விழும். அந்தப் பக்கத் துளைகளும் திறந்திருந்தால்தான் காற்றும் பெட்ரோலும் கலக்கும்.

அடுத்தது பைலட் ஜெட். “சுத்தம் செய்துவிட்டேன், ஆனால் இன்னும் ஊஞ்சலாடுகிறது” என்பவர்களில் பெரும்பாலோர் இதை விட்டுவிட்டவர்கள். பட்டறைகளிலும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். மெயின் ஜெட்டைப்போல இது கண்ணில் படாது. பல எஞ்சின்களில், சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் திருகின் தலைக்கடியில் ஒளிந்திருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு அது. ஐடில் திருகை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்து தட்டைத் திருப்புளியால் மெல்ல நெம்பினால் மேலே வரும். அதிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

ஜெட்டுகளில் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அடைப்பு விடாவிட்டால் பழைய மின்வயரைச் சீவி, உள்ளேயிருக்கும் செம்பு இழைகளில் ஒன்றை மட்டும் எடுத்து நுழைத்துப் பாருங்கள். தையல் ஊசி, சேப்டி பின் கூடாது. பித்தளையைவிட எஃகு கடினமானது. துளை அகன்றுவிட்டால் பெட்ரோல் அளவு நிரந்தரமாக மாறிவிடும். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் என் அம்மாவின் வழி: குத்துவிளக்குக்குப் போல, புளிக்கரைசலில் ஐந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துவது. கார்புரேட்டரின் உடம்பைப் புளியில் போடக்கூடாது. அந்தக் கலப்பு உலோகத்தை அமிலம் அரித்துவிடும்.

உடம்பிலிருக்கும் ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரேயைப் பீய்ச்சி, அது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். வெளிவராத வழி அடைந்த வழி. பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய் ஐந்து நிமிடம் காற்றுக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. எல்லாம் முடிந்ததும் மெயின் ஜெட்டை வானத்துக்கு நேரே பிடியுங்கள். துளைக்குள் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை நிலா தெரிந்தால் மறுபடியும் ஊறவையுங்கள்.

பூட்டுவதும் சோதிப்பதும்

ஜெட்டுகளை விரலால் திருகி, பிறகு திருப்புளியால் இலேசாக இறுக்கினால் போதும். மிதவையை மாட்டியதும் ஒரு சோதனை: பெட்ரோல் நுழையும் முனையில் சுத்தமான சிறு குழாயைச் செருகி ஊதுங்கள். கார்புரேட்டர் நேராக இருக்கும்போது காற்றுப் போக வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தால் மிதவையின் கனத்தில் ஊசி அடைத்துக் காற்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அங்கேயே திருத்திவிடுங்கள். மாட்டிய பிறகு பெட்ரோல் ஒழுகினால் எல்லா வேலையும் மறுபடி.

எப்போது புதிது வாங்குவது? வெள்ளைப் பொடியைத் துடைத்த இடத்தில் உலோகம் குழி குழியாக அரித்திருந்தால், அல்லது கிண்ணம் உட்காரும் விளிம்பு பொரிந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, உள்வாயின் விட்டம், பெட்ரோல் முனை எந்தப் பக்கம், சோக் நெம்புகோல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒரே அளவு எஞ்சினிலும் பம்புக்கு வரும் கார்புரேட்டரும் ஜெனரேட்டருக்கு வருவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கேஸ்கட்டுகளையும் சேர்த்தே வாங்கவும். பழையதில் நூலளவு கிழிசல் இருந்தாலும் அதன் வழியே காற்று புகுந்து எஞ்சின் மீண்டும் ஊஞ்சலாடும்.

படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டி, பிளக் தொப்பியைப் போட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். திருகுக் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்திரத்தைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய்க் கயிற்றை இழுங்கள். திண்ணையிலும் கொட்டகையிலும் வைத்து ஓட்டாதீர்கள். புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்துவிட்டால் ஆளைக் கொல்லும்.

ஓடத் தொடங்கியதும் வேகம் போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். இந்த வகை ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்றில் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். வேகத்தை ஏற்றினால் மின்னழுத்தமும் மாறி, பாதிக்கப்படுவது குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும்தான்.

பத்து நிமிடம் சுமையில்லாமலும், இரண்டு மின்விசிறிகளைப் போட்டு இன்னொரு பத்து நிமிடமும் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தும்போது சுவிட்சைத் தொடாமல், டாங்கிக் குழாயை மட்டும் மூடுங்கள். கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடி, கடைசியில் இரண்டு முறை செருமிவிட்டுத் தானாக அணையும். அப்போதுதான் சுவிட்சை அணைத்து, எஞ்சின் ஆறியதும் வடிகால் போல்ட்டைத் திறந்து எஞ்சிய சொட்டுகளையும் வடித்துவிட்டு மூடுங்கள். டாங்கியில் மீந்ததை அன்றே பைக்கில் ஊற்றிவிடலாம். மாமாவின் ஜெனரேட்டரில் இப்போது 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று சணல் கயிற்றில் கட்டித் தொங்குகிறது.