மெதுவான குதிரையை நெடுந்தூரச் சவாரிக்குப் பழக்குவது எப்படி?

நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் சவாரி ஏற்றும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொன்று உங்கள் கைக்கு வந்து, "இது நகரவே நகராது" என்று யாராவது சொன்னால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கப் சவாரியில் 160 கிலோமீற்றர் மலைப்பாதையை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் மணிக்கு 7 கிலோமீற்றர்கூட வராது. நெடுந்தூரத்துக்குத் தேவை பாய்ச்சல் அன்று. சீக்கிரம் களைப்பாறும் இதயமும் நொண்டாத கால்களும்தான்.

படி 1: மந்தத்தின் காரணத்தைத் தேடுங்கள்

சோம்பேறிக் குதிரை என்று முத்திரை குத்துமுன் குளம்பு, லாடம், பற்கள், வயிற்றுப் புழு எல்லாவற்றையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். முதுகை நீங்களே சோதிக்கலாம். முதுகெலும்பின் இருபுறமும் விரல் நுனிகளால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ காதைப் பின்னுக்கு மடித்தாலோ அங்கே வலி இருக்கக்கூடும். சேணம் பொருந்துகிறதா என்று பாருங்கள். வலியோடு நிற்கும் குதிரையைச் சவுக்கால் விரட்டுவது கொடுமை.

படி 2: நாடி பிடிக்கப் பழகுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை வைத்து உட்பக்கமாகத் தடவினால், பென்சில் தடிப்பில் ஒரு குழாய் வழுக்கி உருளும். அதை எலும்போடு சேர்த்து இலேசாக அழுத்தி, 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். பெருவிரலை வைக்க வேண்டாம். அதன் சொந்தத் துடிப்பு குழப்பிவிடும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும்.

சவாரி முடிந்து 10 நிமிடத்தில் 60க்குக் கீழே இறங்கினால் அன்றைய வேலை அளவானது. இறங்காவிட்டால் அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள். கொழும்பிலிருந்து புதிதாக வந்த குதிரையென்றால், நுவரெலியாவின் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்துக்குப் பழகச் சில வாரங்கள் கொடுங்கள்.

படி 3: நடை, நடை, பிறகுதான் ஓட்டம்

முதல் மாதம் முழுவதும் நடை மட்டுமே. வாரத்தில் நான்கு நாள், 5 கிலோமீற்றரில் தொடங்கி 10 வரை. தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து ஏறும் தோட்டத்துப் பாதைகள் இதற்கென்றே போட்டவை போல இருக்கும். ஏற்றத்தில் தளர்நடைக்கு விடாதீர்கள்: காலால் விலாவை ஒருமுறை அணையுங்கள், குதிரை எட்டி வைத்ததும் உடனே தளர்த்துங்கள். ஓயாமல் உதைத்தால் அதற்கு மரத்துப்போகும். சுறுசுறுப்பான இன்னொரு குதிரை துணைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் மாதம் சமதளத்தில் இரண்டு, மூன்று நிமிட ட்ரொட்டை (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மித ஓட்டம்) சேருங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டவே கூடாது. புதியவர்கள் ஏமாறும் இடம் இது. இதயமும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண் உறுதிப்படப் பல மாதங்கள், எலும்புக்கு அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். குதிரை "இன்னும் போகலாம்" என்று துள்ளும்போது அதன் முழங்கால் அதற்குத் தயாராக இருக்காது. இறக்கத்தில் முன்னங்கால்களில்தான் பாரம் விழும். செங்குத்தான சரிவில் குதிரையை விட்டு இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக் கூடவே நடங்கள். மழையில் கல் பாவிய பாதை வழுக்கினால் அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 4: தீனியும் தண்ணீரும்

பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும்தான் அடிப்படை. தானியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், ஓய்வு நாளில் குறையுங்கள். நனைய நனைய வியர்த்தால் உப்பும் வெளியேறும். உப்புக்கட்டி எப்போதும் லாயத்தில் இருக்கட்டும். வழியில் ஓடை கண்டால் குடிக்க விடுங்கள். உடலில் தண்ணீர் போதுமா என்று பார்க்க ஈறை விரலால் அழுத்தி எடுங்கள்; வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

பின்புறத் தசை கட்டைபோல் இறுகி, குதிரை அடி வைக்க மறுத்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, நடத்திக்கொண்டு திரும்பவும் முயல வேண்டாம். நின்ற இடத்திலேயே போர்வை போர்த்தி, மிருக வைத்தியரை அழையுங்கள்.