எட்டில் ஐந்து திரும்பி வந்த கதை

எம்.எஸ்சி. உளவியல் முதலாம் ஆண்டில், தேர்வு பயம் பற்றி எட்டுக் கட்டுரைகள் கேட்டிருந்தார்கள். துறை அறிஞர்கள் மதிப்பிட்டு வெளியானவையாக இருக்க வேண்டும், தரவு திரட்டிச் செய்த ஆய்வாகவும் இருக்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் ஒரே இரவில் தேடிக் கொடுத்தேன். மேடம் ஐந்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஒன்று புத்தக மதிப்புரை, ஒன்று தலையங்கம், மற்ற மூன்றும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பேசுபவை. எல்லாமே நல்ல இதழ்களில் வந்தவைதான். அங்கேதான் ஏமாந்தேன். அறிஞர் மதிப்பீடு உள்ள இதழில் வருவதெல்லாம் ஆய்வு அல்லவே!

அப்புறம் நூலகக் கணினியில் சைக்இன்ஃபோவைத் திறந்தேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தரவுத்தளம் அது. 'பியர் ரிவியூட்' (அறிஞர் மதிப்பீடு பெற்றவை) கட்டத்தை டிக் செய்து, 'மெத்தடாலஜி' (ஆய்வு முறை) பட்டியலில் 'எம்பிரிகல் ஸ்டடி'யை, அதாவது தரவு திரட்டிச் செய்த ஆய்வைத் தேர்ந்தெடுத்தேன். தேடிய சொல்லும் தப்பு. நான் 'எக்ஸாம் ஃபியர்' என்று அடித்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய சொல்பட்டியலில் அது 'டெஸ்ட் ஆங்சைட்டி'. மாற்றியதும் வரிசைகட்டி வந்தன.

ஆனாலும் வடிகட்டியை முழுசாக நம்புவதில்லை. எத்தனை பேரிடம் நடத்தினார்கள், எந்த அளவுகோலால் பயத்தை அளந்தார்கள் என்று கட்டுரைச் சுருக்கத்தில் பார்ப்பேன். உள்ளே 'மெத்தட்', 'ரிசல்ட்ஸ்' தலைப்புகள் இல்லையென்றால் ஒதுக்கிவிடுவேன்.

வீட்டில் சந்தா கிடையாது. அதனால் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகம்தான். அங்கே முழுக் கட்டுரையும் இலவசம். அதிலும் கிடைக்காத ஒன்றுக்குக் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் காலையில் பிடிஎஃப் வந்திருந்தது.