கருவின் மூளையும் செல் ஒட்டு மூலக்கூறுகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் உயிரியல் பயிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள், செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் செல் ஒட்டு மூலக்கூறுகளை வெறும் பசை என்று எண்ணிவிடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் ஆகிய இருவரும் நீர்நில வாழ்விகளின் கருச்செல்களைப் பிரித்துக் கலந்துவிட்டபோது, தோலாக வேண்டியவை வெளிப்புறமும் நரம்பாக வேண்டியவை உட்புறமும் தாமாகவே பிரிந்து அமைந்தன. வெறும் பசையாயின் கலந்தபடியே ஒட்டியிருக்கும்.

இந்தத் தெரிவின் அடிப்படை பின்னர் புலப்பட்டது. கருவின் வெளி அடுக்குச் செல்கள் ஈ-கேடெரின் என்னும் ஒட்டு மூலக்கூறைத் தாங்கியிருக்க, அவற்றுள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புத்தட்டாக மாறுபவை அதைக் கைவிட்டு, அதன் இனமான என்-கேடெரினை ஏற்கின்றன. ஒரே வகையைத் தாங்கியவை ஒன்றோடொன்று சேர்வதால், மடியும் தட்டு குழலாகி, மேலிருக்கும் தோலிலிருந்து விடுபடுகிறது. தவளைக் கருவின் தோல்பகுதியிலும் என்-கேடெரினை வலிந்து உருவாக்கினால், குழல் தோலிலிருந்து சரியாகப் பிரிவதில்லை. ஆகவே ஒட்டுதல் மிகுந்தால் மூளை நன்கு அமையும் என்பது பிழை. என்கேம் என்னும் மற்றோர் ஒட்டு மூலக்கூறின்மேல் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகையின் நீண்ட சங்கிலிகள் ஏறும்போது ஒட்டுதல் தளர்வதும், அதனால் இளம் நரம்புச் செல்கள் இடம்பெயர முடிவதும் இதையே காட்டுகின்றன.

சுண்டெலிச் சோதனைகளைப் படிக்கும்போதும் அவசரம் கூடாது. என்-கேடெரின் அறவே இல்லாத கரு ஏறத்தாழ 10ஆம் நாளில் இறப்பதற்கு மூளையைவிட இதயக் கோளாறே முதன்மைக் காரணம். என்கேம் இல்லாத எலிகளோ வளர்ந்து பெரிதாகின்றன. அவற்றின் மூளையில் மணத்தை உணரும் பகுதியான நுகர்வுக் குமிழ் குறிப்பாகச் சிறுத்திருக்கிறது. அதைக் கொண்டு அந்த மூலக்கூறு தேவையற்றது என்று முடிவுகட்டலாகாது. ஒன்றின் குறையைப் பிற மூலக்கூறுகள் ஓரளவு ஈடுசெய்கின்றன.

மேற்குக் கேப் மாநிலத்தில் கருக்கால மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மிகுதி என்பதால், எல்1 என்னும் ஒட்டு மூலக்கூறு தென்னாப்பிரிக்கர்களாகிய நமக்குத் தனி அக்கறைக்குரியது. ஆய்வகச் செல்களில் எல்1 வழியான ஒட்டுதலை மதுவிலுள்ள எத்தனால் என்னும் பொருள் தடுப்பது 1990களில் காட்டப்பட்டது. அதன் மரபணுப் பிழை ஆண் குழந்தைகளின் மூளையில் நீர் கோப்பதற்கு ஒரு காரணம் என்பதும் அறியப்பட்டது. ஆயினும் மதுவின் கேடு முழுவதையும் எல்1 ஒன்றின்மேல் ஏற்றுவது தவறு. செல்களின் இறப்பு உட்பட வேறு வழிகளும் அதில் உண்டு.

ஃபோலிக் அமிலம் செல்களை ஒட்டவைக்கும் சத்து என்றும் சிலர் நம்புகின்றனர். செல்கள் பெருகுவதற்கான டிஎன்ஏ உருவாக்கத்துக்கே அது முதன்மையாகத் தேவை. கேடெரின் பிடிப்புக்கு வேண்டுவது கால்சியம். 2003 அக்டோபர் முதல் நம் நாட்டின் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்க்கப்பட்டபின், அந்தக் குழல் சரிவர மூடாததால் வரும் நரம்புக்குழல் குறைபாடுகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. எனினும் மாவில் உள்ளதே போதும் என்று இருந்துவிடக் கூடாது. கருவுற்று 28 நாள்களுக்குள், பலருக்குத் தாம் கருவுற்றதே தெரியும் முன்னர், குழல் மூடிவிடுவதால், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருத்தரிக்க முயலும்போதே தொடங்கி முதல் 12 வாரங்கள்வரை எடுத்துக்கொள்ள வேண்டும்.